டக்ட் அடைப்பு என்று திருப்பி அனுப்பப்பட்ட ஓர் அம்மா: பாலக்கோடு வட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வரும் அம்மாவுக்கு வயது 62. தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராமம். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஊர்ப் பெயரையும் சில சொந்த விவரங்களையும் விட்டிருக்கிறேன். கொஞ்சம் மானாவாரி நிலத்தில் கேழ்வரகு, கிணற்றுத் தண்ணீர் பாயும் இடத்தில் தக்காளி, இரண்டு கறவை மாடு. மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மருமகளும் பேரனும் இவரோடு இருக்கிறார்கள். இரத்த அழுத்தம் உண்டு. ஒருமுறை நெஞ்சுவலி என்று போய்ப் பார்த்ததில் இருந்து ஆஸ்பிரின் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார்.

இடது கண்ணில் தண்ணீர் வடிய ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முதலில் காற்றடித்தால் மட்டும் வடிந்தது. அப்புறம் களை எடுக்கக் குனிந்தாலே வடிந்தது. கடைசியில் எந்நேரமும் வடிந்தது. காலையில் பீளை ஒட்டிக்கொண்டு இமையைத் திறக்க முடியாது. முந்தானையால் ஒற்றி ஒற்றிக் கீழிமைத் தோல் புண்ணாகிவிட்டது. நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினார்கள், தாய்ப்பால் விட்டார்கள், மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். சொட்டு மருந்து போடும் வாரத்தில் பீளை குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். நடுவில் ஒரு தடவை மூக்கோரமாகக் கண் மூலை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. தனியார் மருத்துவர் ஒருவர் ஊசியும் மாத்திரையும் கொடுத்ததில் வடிந்துவிட்டது. கண்ணீர்ப் பையில் சீழ் பிடித்ததுதான் அந்த வீக்கம் என்று அப்போது யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இதற்கிடையே அதே கண்ணில் புரையும் முற்றியது. புரையால்தான் தண்ணீர் வடிகிறது, அதை எடுத்துவிட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்று நினைத்து ஒரு கண் முகாமுக்குப் போயிருக்கிறார். அங்கே கண்ணீர்க் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, டக்ட் அடைப்பு, அதாவது கண்ணீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறது, இப்போது புரை அறுவை செய்ய முடியாது என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மருத்துவ ரீதியில் அது சரியான முடிவு. ஆனால் ஏன் முடியாது, அடுத்து எங்கே போக வேண்டும் என்பது அவருக்கு எட்டவில்லை. தன் உடம்பு ஆபரேஷனுக்கு லாயக்கு இல்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படிப் போனது.

எப்படி எங்களிடம் வந்தார்

நான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். இவரை அனுப்பி வைத்தவர் இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போகும் தன்னார்வலர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வருவதன் பலன் மாத்திரையோடு நிற்பதில்லை என்பதற்கு இந்த நிகழ்வே சாட்சி. பேசிக்கொண்டிருக்கும்போது இந்த அம்மா ஓயாமல் ஒரே கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை கண்ணு பாக்கறவரு கிட்ட காட்டுங்கம்மா" என்று அவர்தான் வற்புறுத்தியிருக்கிறார்.

கண்டவை

வலது கண்ணில் பார்வை 6/18, அதாவது நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரில் காண்பதை இவர் 6 மீட்டரில்தான் காண முடியும். இடது கண்ணில் இரண்டு மீட்டர் தூரத்தில் விரலை எண்ண முடிந்தது, அவ்வளவுதான். இடது கண்மணி சாம்பல் நிறமாக இருந்தது. இமை வெளிப்பக்கம் பிரிந்து தொங்கவில்லை. கண்ணீர் இறங்கும் சிறு துளைகள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணைத் தொட்டபடியே இருந்தன. இதை முதலில் பார்ப்பது அவசியம். தண்ணீர் வடியும் கண்ணெல்லாம் குழாய் அடைத்த கண் அல்ல. இமை தளர்ந்தாலும் வடியும், இமை மயிர் உள்ளே குத்தினாலும் வடியும், கண் வறண்டு எரிச்சலானாலும் வடியும்.

அடுத்து கண்ணின் உள்மூலைக்குச் சற்றுக் கீழே, மூக்கெலும்பை ஒட்டி, விரல் நுனியால் அழுத்தினேன். கீழ் இமைத் துளை வழியாகக் கெட்டியான வெண்மஞ்சள் சளி கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த அம்மாவே கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழுக்கு எங்க இருந்துச்சு சார்?" என்று கேட்டார். கண்ணீர்ப் பை நாள்பட்டுக் கெட்டுப் போயிருக்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவிடும் சோதனை இது. ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பை சிவந்து, சூடாக, தொட்டாலே வலிக்கிற நிலையில் இருந்தால் அழுத்தவும் கூடாது, குழாயில் தண்ணீர் விட்டுப் பார்க்கவும் கூடாது. அப்போது முதலில் கிருமிக்கு மருந்து, சீழ் கட்டியிருந்தால் அதை வடிப்பது, மற்றதெல்லாம் பிறகு.

கண்ணீர் போகும் வழியை இங்கே சொல்லிவிடுகிறேன். மேல் கீழ் இமைகளின் உள் ஓரத்தில் ஒவ்வொரு துளை. அதில் இருந்து ஏறக்குறைய 10 மி.மீ. நீளத்தில் மெல்லிய குழல்கள் கிளம்பி, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றாகச் சேர்ந்து கண்ணீர்ப் பைக்குள் நுழையும். பையின் நீளம் 12 மி.மீ. அளவு. பைக்குக் கீழே எலும்புக்குள் ஓடும் குழாய் சுமார் 18 மி.மீ. இறங்கி மூக்கின் அடிப்பகுதியில் திறக்கும். அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான். நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தக் கீழ்க் குழாய் தானாகவே சுருங்கி அடைத்துக்கொள்வது ஆண்களைவிட அதிகம். பெண்களுக்கு எலும்புக் குழாய் குறுகலாக இருப்பது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

அரசு மருத்துவமனையில் கண் மருத்துவர் இரண்டு சோதனைகள் செய்தார். முதலில் மஞ்சள் சாயத்தை இரண்டு கண்ணிலும் விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தார். வலது கண்ணில் சாயம் இறங்கிவிட்டது, இடது கண்ணில் அப்படியே தேங்கி நின்றது. பிறகு மழுங்கிய ஊசியால் துளை வழியாக உப்புத் தண்ணீரைச் செலுத்தினார். வலப்பக்கம் செலுத்தியதும், "தொண்டையில உப்பு கரிக்குது" என்றார் அந்த அம்மா. இடப்பக்கம் கீழ்த் துளையில் விட்ட தண்ணீர் சளியோடு மேல்த் துளை வழியாக வெளியே வந்தது, தொண்டைக்கு ஒன்றும் போகவில்லை. உள்ளே போன ஊசி எலும்பில் கடினமாக முட்டியது. அப்படியென்றால் மேலே உள்ள குழல்கள் திறந்திருக்கின்றன, பைக்குக் கீழேதான் அடைப்பு.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கின் உள்ளே பார்த்தார். நடுச்சுவர் சற்று வளைந்திருந்தது, தடையாகும் அளவுக்கு இல்லை, சதை வளர்ச்சியும் இல்லை. கண்ணீரில் இரத்தம் கலந்து வந்ததில்லை, வீக்கம் கண்ணின் உள்மூலைத் தசைநாருக்கு மேலே ஏறவும் இல்லை. இந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தால் பைக்குள் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அடுத்த அடி வைத்திருக்க மாட்டார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, புரை அறுவையைத் தள்ளிப்போடுவது. இதைத்தான் முன்பே முகாமிலும் சொல்லியிருந்தார்கள். இந்த முறை காரணத்தோடு சொன்னோம். பைக்குள் தேங்கிய சளியில் கிருமி குடியிருக்கிறது. புரை அறுவையில் கண்ணைத் திறக்கும்போது அது உள்ளே போய்விட்டால் கண் முழுவதும் சீழ் பிடித்துப் பார்வையே போகலாம். சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்பைச் சுத்தம் செய்யும், தேங்கிய பையை வடிக்காது.

இரண்டாவது, அடைப்புக்கு என்ன செய்வது. இங்கே மருமகள் ஒரு நல்ல கேள்வி கேட்டார். தன் மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது இதே மாதிரி கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கோரம் அழுத்தித் தேய்த்துவிடச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. அத்தைக்கும் அப்படியே தேய்த்துவிட்டால் ஆகாதா?

கேட்க வேண்டிய கேள்வி. பிறந்த குழந்தைக்குக் குழாயின் கீழ்முனையில் மெல்லிய சவ்வு ஒன்று திறக்காமல் இருக்கும். மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்தால் அந்த அழுத்தத்தில் திறந்துகொள்ளும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும். திறக்காதவர்களுக்குக் கம்பி விட்டுத் திறப்பார்கள். பெரியவர்களுக்கு அப்படியில்லை. குழாய் நெடுக அழற்சி வந்து தழும்பாகி ஒட்டிப்போயிருக்கிறது. தேய்த்தாலும் திறக்காது, கம்பி விட்டுத் திறந்தாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

மீதி இருந்தவை இரண்டு. ஒன்று, கண்ணீர்ப் பையையே எடுத்துவிடுவது. சீக்கிரம் முடியும், இரத்தப்போக்கு குறைவு, கிருமிக் கூடு போய்விடும். ஆனால் தண்ணீர் வடிவது ஆயுளுக்கும் இருக்கும். இன்னொன்று, பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் எலும்பில் சாளரம் திறந்து, அடைத்த குழாயைத் தவிர்த்து நேராக மூக்குக்குள் கண்ணீரை இறக்கும் டி.சி.ஆர். அறுவை.

பையை எடுப்பதுதான் சுலபம் என்று அந்த அம்மாவின் உறவினர் ஒருவர் சொன்னார். எழுந்து நடக்கவே சிரமப்படுகிற, இதயம் பலவீனமான, கண்ணும் வறண்டுபோன எண்பது வயதுக்காரர் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இவர் தினமும் வயலில் நிற்பவர். இன்னும் பல வருடம் வெயிலிலும் காற்றிலும் வேலை செய்யப் போகிறவர். புரை எடுத்துப் பார்வை வந்த பிறகும் கண்ணில் தண்ணீர் திரையிட்டு நின்றால் அந்தப் பார்வையின் பலன் பாதிதான். மருத்துவரும் டி.சி.ஆரைத்தான் பரிந்துரைத்தார்.

"கண்ணுக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டு மூக்குல எதுக்குங்க ஓட்டை போடறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். மருத்துவர் அவருடைய வயலையே எடுத்துச் சொன்னார்: மடை தூர்ந்து தண்ணீர் போகாமல் வயலில் நின்றால் மடையைக் குடைந்துகொண்டே இருக்க மாட்டோம், பக்கத்து வரப்பை வெட்டி வாய்க்காலில் விட்டுவிடுவோம் இல்லையா, அதுதான் இது. அதன் பிறகு அவர் அறுவையைப் பற்றிக் கேட்கவில்லை. மாட்டைப் பற்றிக் கேட்டார். பால் கறப்பது யார், சொசைட்டிக்குக் கொண்டுபோவது யார்? மருமகள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மூக்கின் வழியாக உள்நோக்குக் கருவி கொண்டு செய்யும் முறையும் உண்டு, அதில் முகத்தில் தழும்பு இருக்காது என்பதையும் மருத்துவர் சொன்னார். அதற்குப் பெரிய ஊருக்குப் போய்த் திரும்பத் திரும்ப மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பக்கத்திலேயே வெளிவழி அறுவையைச் செய்துகொள்வதாக அவரே முடிவெடுத்தார். தேர்ந்த கைகளில் வெளிவழி டி.சி.ஆர். பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் பலன் தருவது. தழும்பும் பெரும்பாலும் மங்கிவிடும்.

மூன்றாவது முடிவு ஆஸ்பிரின். அது இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், மூக்கின் உள்சவ்வோ இரத்தம் நிறைந்த இடம். ஆஸ்பிரினை நிறுத்தலாமா என்பதைக் கண் மருத்துவர் தானாக முடிவு செய்யவில்லை. பொது மருத்துவரிடம் அனுப்பி இ.சி.ஜி. பார்த்து, அவர் சொன்ன பிறகு ஏழு நாள் முன்னதாக நிறுத்தப்பட்டது.

தள்ளிப்போன முதல் தேதி

குறித்த நாளில் இரத்த அழுத்தம் 170/100. அன்று அறுவை நடக்கவில்லை. விசாரித்ததில், தலை சுற்றாத நாட்களில் மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாப்பிட்டு வந்தது தெரிந்தது. வீட்டுக்கு மாத்திரை வந்துகொண்டிருந்தது, டப்பாவிலும் சேர்ந்துகொண்டிருந்தது. மருமகள் தினமும் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மூன்று வாரத்தில் 136/84 ஆனது. அந்த இடைவெளியில் பையை அழுத்திச் சளியை வெளியேற்றிவிட்டுச் சொட்டு மருந்து போடச் சொல்லியிருந்தோம்.

அறுவை

மயக்கம் கொடுக்காமல், அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போட்டுச் செய்தார்கள். இரத்தக் குழாய் சுருங்குவதற்காக ஊசி மருந்தோடு அட்ரினலினும் சேர்க்கப்பட்டிருந்தது. மூக்குக்குள்ளும் மருந்தில் நனைத்த துணி நாடா வைக்கப்பட்டது. எலும்பை எடுக்கும்போது சத்தம் கேட்கும், வலி இருக்காது, பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். சத்தம் வந்தபோது அவர் அசையாமல் இருந்ததற்கு இந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவில் ஏறக்குறைய 12 மி.மீ. கீறல். அங்கே ஓடும் சிரையை ஒதுக்கி, எலும்பின் மேலுறையை விலக்கி, எலும்பைத் துண்டு துண்டாகக் கடித்தெடுத்து 15 மி.மீ. அளவில் சாளரம் திறந்தார்கள். பையைத் திறந்ததும் தேங்கிய சளி வெளியே வந்தது. பையின் உட்சவ்வையும் மூக்கின் உட்சவ்வையும் மடல்களாக விரித்து ஒன்றோடொன்று தைத்தார்கள். இத்தாலியரான டோட்டி 1904-ல் இந்த அறுவையை விவரித்தபோது இந்தத் தையல் இல்லை. 1921-ல் பிரான்சில் டுப்புயி-டூத்தாம், பூர்கே இருவரும் சேர்த்தது அது. புதிய வழி மூடிக்கொள்ளாமல் நிற்பதற்கு இந்தத் தையல் பெரிதும் உதவுகிறது.

சிலிக்கான் குழாய் வைக்கவில்லை. மேல் குழல்கள் நன்றாகத் திறந்திருந்தன, இது முதல் அறுவை, மடல்களும் இழுபடாமல் சேர்ந்தன. இப்படிப்பட்டவர்களுக்குக் குழாய் தேவையில்லை என்பது மருத்துவரின் முடிவு.

பிறகு நடந்தது

மறுநாள் மூக்கு நாடாவை எடுத்தார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஓரிரு நாளைக்குச் சுடச்சுடக் காபியும் களியும் வேண்டாம், குனிந்து பளு தூக்கக் கூடாது, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பிரினை எப்போது மறுபடி தொடங்குவது என்பதைப் பொது மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலையில் மூக்கில் இரத்தம் வந்தது. பேரனுக்குக் காய்ச்சல் என்று மருமகள் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில் மாடு கத்தியிருக்கிறது. இவர் போய்த் தீவனத் தட்டுக் கட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று மருமகள் சொல்லி வைத்திருந்தார். உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொண்டு, நெற்றியில் ஈரத்துணி வைத்தார். நின்றுவிட்டது. அன்றே சுகாதார நிலையத்துக்கு வந்தார். இரத்த அழுத்தம் 150/90. தையல் பிரியவில்லை, மறுபடி இரத்தம் வரவும் இல்லை.

ஏழாம் நாள் தையல் பிரித்துவிட்டு இடது கண்ணில் உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். தொண்டைக்கு வந்தது. ஆறாவது வாரம் பையை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை, கீழிமைப் புண்ணும் ஆறியிருந்தது. எட்டாவது வாரம் இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கண்ணாடியோடு பார்வை 6/9.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் வழி திறந்தே இருந்தது. தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மார்கழிக் குளிர்காற்றில் கொஞ்சம் வடிகிறது என்றார். காற்றுக்குக் கண்ணீர் அதிகம் சுரக்கும், அது இயல்பு. பீளை இல்லை, ஒட்டல் இல்லை.

என்ன மாற வேண்டும்

எனக்கு மிகவும் கவலை தருவது வீணான அந்த ஒரு வருடம். முகாமில் டக்ட் அடைப்பு என்று எழுதப்பட்டவர் அந்த முகாமின் கணக்கில் இருந்தே வெளியேறிவிடுகிறார். புரை எடுக்கத் தேர்வானவருக்கு வண்டி உண்டு, தேதி உண்டு, பின்தொடர்தல் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டவருக்கு எதுவும் இல்லை. அவருக்கும் சீட்டில் தமிழில் காரணமும், எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை டி.சி.ஆர். பார்க்கிறார்கள் என்பதும் எழுதித் தர வேண்டும். அந்தப் பட்டியலின் ஒரு படி கிராம சுகாதார செவிலியரிடம் இருக்க வேண்டும். எங்கள் பகுதி முகாம்களில் இப்போது இப்படிச் செய்கிறோம். பதிவு மேசையிலேயே பையை அழுத்திப் பார்ப்பதும் சேர்ந்திருக்கிறது.

இரத்த அழுத்தத்தை அறுவை நாளில் அல்ல, தேதி குறிக்கும் நாளிலேயே பார்த்து, மாத்திரையை உண்மையில் சாப்பிடுகிறாரா என்று டப்பாவோடு வரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மருந்துக் கடைச் சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கண்ணில் மாதக்கணக்காகத் தண்ணீரும் பீளையும் என்றால் நான்காவது புட்டி வாங்குவதற்கு முன் ஒருவரிடம் அந்தக் கண்ணைக் காட்டுங்கள். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் கண் நீர் அழுத்தம் ஏறும்.

கடைசியாக, மாடு. பால் கறப்பது யார் என்று அந்த அம்மா கேட்டபோது மருமகள் இருக்கிறார் என்பதோடு பேச்சு முடிந்தது. இப்போது தேதி குறிக்கும்போதே முதல் பத்து நாளைக்குத் தீவனம் வைப்பது யார், கறப்பது யார், அவருக்கு முடியாமல் போனால் இன்னொருவர் யார் என்று கேட்டு, அந்த இரண்டாவது ஆளின் செல்போன் எண்ணையும் சீட்டில் எழுதிக்கொள்கிறோம்.